சரணடைந்த சேனாதிபதி

பேர்சிவல் என்னும் பெயர் யாழ்ப்பாணத்தாருக்குப் புதியதன்று. நாவலர் பெருமான் இளமையில் ஆங்கிலம் கற்றதும், பின்னர் விவிலியத்தைத் தமிழாக்கும் பணியில் துணைநின்றதும் பேர்சிவல் பாதிரியாரிடத்திலே என்பதை நம் மாணவர் கீழ்வகுப்பிலேயே அறிவர். இக்கட்டுரை அப்பெரியாரைப் பற்றியதன்று. அதே பெயரைத் தாங்கி, 1942ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 15ஆந் தேதி, சிங்கப்பூரில் ஒரு மோட்டார்த் தொழிற்சாலையின் மேசை முன்னமர்ந்து, பிரித்தானிய வரலாற்றிலேயே மிகப் பெரிய சரணாகதிப் பத்திரத்திற் கையொப்பமிட்ட லெப்டினன்ட் ஜெனரல் ஆதர் ஏர்ணஸ்ட் பேர்சிவலைப் பற்றியது.

இதனை எழுதத் தூண்டியது ஒரு மாணவனின் வினா. மேல்வகுப்பில் இரண்டாம் உலகப் போரைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது அவன் எழுந்து, எண்பத்தையாயிரம் பேரை வைத்துக்கொண்டு முப்பதாயிரம் பேரிடம் சரணடைந்தவர் கோழையா, மூடரா என்று வினவினான். வகுப்புச் சிரித்தது. யான் விடைகூறத் தொடங்கினேன், மணி அடித்துவிட்டது. மணி அடிக்குமுன் கூறி முடிக்க இயலாத அவ்விடையை ஈண்டு ஒழுங்குபடக் கூற முயல்கின்றேன். சரணடைதல் என்பது நம் மண்ணில் இலகுவாக உச்சரிக்கப்படும் சொல் அன்று. ஆதலின் அச்சொல்லுக்கு உரியவராக வரலாற்றில் நிலைத்துவிட்ட ஒருவரைச் சிரிப்பின்றியும் சினமின்றியும் அறிந்துகொள்ளுதல் நமக்குப் பயன்தரும் என நம்புகின்றேன்.

மலாயாவும் நம்மவரும்

சிங்கப்பூரின் வீழ்ச்சி யாழ்ப்பாணத்துக்குத் தொலைநாட்டுச் செய்தியாக இருந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் காலந் தொட்டு, ஆங்கிலக் கல்வி பெற்ற நம்மூர் இளைஞர் நூற்றுக்கணக்காக மலாய் நாட்டுக்குக் கப்பலேறினர். நில அளவைப் பகுதி, திறைசேரி, வைத்தியசாலை, தபாற் கந்தோர், எல்லாவற்றுக்கும் மேலாகப் புகையிரதப் பகுதி ஆகியவற்றில் இலிகிதராகவும் நிலைய அதிபராகவும் அவர்கள் அமர்ந்தனர். தைப்பிங், ஈப்போ, கோலாலம்பூர், சிரம்பான் என்னும் ஊர்ப்பெயர்கள் கொக்குவில், கோண்டாவில் போலவே நம் வீடுகளில் வழங்கின. தந்தை செல்வா எனப்பட்ட சா. ஜே. வே. செல்வநாயகம் அவர்கள் 1898இற் பிறந்ததும் ஈப்போவிலேயே. மாதந்தோறும் மலாயாவிலிருந்து வந்த காசுக்கட்டளையே இங்கே நாற்சார் வீடாயிற்று; கிணறாயிற்று; சீதனமாயிற்று; கோயிற் திருப்பணியாயிற்று; பாடசாலைக் கட்டிடமும் ஆயிற்று. "மலாயன் பென்சனியர்" என்னும் தொடர் ஊருக்கு ஊர் ஒரு மதிப்புக்குரிய முதியவரைக் குறித்தது.

என் பாட்டனாரும் அவ்வாறு சென்றவருள் ஒருவர்; மலாயாப் புகையிரதப் பகுதியில் இலிகிதராயிருந்தவர். ஆச்சி தம் முதுமையில் எக்காரியத்தின் காலத்தைக் கூறினும், "சிங்கப்பூர் விழுந்த மாசிக்கு முன்" என்றோ "விழுந்த பிறகு" என்றோதான் கூறுவார். அவருடைய காலக்கணக்கை இரண்டாகப் பிளந்த அந்த மாசி மாதத்திற் கையொப்பமிட்டவர் யாவர் என அவர் அறிந்ததில்லை. யானும் நெடுங்காலம் அறிய முயன்றதில்லை.

இலிகிதராயிருந்த வீரர்

பேர்சிவல் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் தேதி இங்கிலாந்தில் ஹேட்போட்சயர் மாகாணத்து அஸ்பென்டன் என்னும் ஊரிற் பிறந்தார். புகழ்பெற்ற றக்பி கல்லூரியிற் பயின்றாரெனினும் கல்வியிற் சிறந்து விளங்கவில்லை. பல்கலைக்கழகஞ் செல்லாது, இலண்டன் மாநகரில் இரும்புத்தாது வணிகர் நிலையமொன்றில் இலிகிதராக அமர்ந்தார். நம் பாட்டன்மார் மலாயாக் கந்தோர்களிற் பேரேடு எழுதிய அதே ஆண்டுகளில் அவரும் பேரேடு எழுதினார் என்பது நினைவுகொள்ளத்தக்கது. படைத்தொழில் அவர் குலத்தொழிலன்று. அவர் சிறுவயதில் விரும்பித் தேர்ந்ததும் அன்று.

1914ஆம் ஆண்டு முதலாம் உலகப் போர் மூண்ட முதல் நாளே, தம் இருபத்தாறாம் வயதில், சாதாரணச் சிப்பாயாகத் தம் பெயரைப் பதிந்தார். சில வாரங்களில் அதிகாரியானார். 1916இல் சோம் நதிப் போரில் தம் அணியை முன்னின்று நடத்தியபோது வெடிகுண்டுச் சிதறல்களால் நான்கு இடங்களிற் காயமுற்றார். அவ்வீரத்துக்காக இராணுவச் சிலுவை என்னும் பதக்கம் கிடைத்தது. 1918இல் ஒரு பட்டாலியனையே நடத்தினார். பிரெஞ்சுப் பீரங்கி அணியொன்றைக் காத்தமைக்காகப் பிரான்சும் அவருக்கு விருதளித்தது. 1919இல் வட இரசியப் போரிலும் மேலதிகச் சிறப்புப் பெற்றார். எனவே அவரைக் கோழை என்பார் கூற்று, அவர் வாழ்வின் முதற் பகுதியைப் படித்த அளவிலேயே நிலையற்றுப் போகின்றது. குண்டுக்கு அஞ்சாமையை அவர் தம் உடம்பில் நான்கு தழும்புகளாற் காட்டியவர்.

ஆயினும் அவ்வாழ்வில் ஒரு கறையும் உண்டு. 1920, 1921ஆம் ஆண்டுகளில் அயர்லாந்தில் விடுதலைப் போர் நடந்தபோது, கோர்க் பகுதியில் எசெக்ஸ் படையணியின் புலனாய்வு அதிகாரியாக அவர் பணியாற்றினார். கைதிகளைக் கொடுமைப்படுத்தினார் என ஐரிஷ் தரப்பினர் அவர்மீது கடுங் குற்றஞ் சாட்டினர். அவரைக் கொல்லவும் முயன்றனர். பிரித்தானிய அரசோ அவருக்கு விருதளித்தது. சிறைப்பட்டோரைத் தம் அதிகாரத்தின்கீழ் வைத்திருந்த அவர், இருபது ஆண்டுகளின் பின் தாமே சிறைப்பட்டார். வரலாறு இவ்விரண்டையும் அருகருகே எழுதிவைத்துள்ளது. நாமும் ஒன்றை மறைத்து மற்றொன்றைக் கூறுதல் முறையன்று.

போரின் பின் படைக்கல்லூரிகளிற் பயின்று, ஆபிரிக்காவிலும் மோல்ற்றாத் தீவிலும் பணிசெய்து, கூரிய அறிவும் அயரா உழைப்புமுடைய அலுவலக அதிகாரி எனப் பெயர் பெற்றார். அவருடைய தோற்றம் மட்டும் அப்பெயருக்குத் துணைசெய்யவில்லை. உயர்ந்து மெலிந்த உடல், முன்னே நீண்ட பற்கள், தாழ்ந்த குரல், கூச்சமுடைய இயல்பு. பின்னாளில் அவரை இகழ்ந்தோர் அவர் செயலைவிட அவர் புகைப்படத்தையே பெரிதும் இகழ்ந்தனர்.

வழியை முன்னறிந்தவர்

பேர்சிவலின் வாழ்விலே மிகவும் இரங்கத்தக்க பகுதி 1936ஆம் ஆண்டு தொடங்குகின்றது. அவ்வாண்டில் அவர் மலாயாவின் தலைமைப் படைத்தலைவரான ஜெனரல் டொபியின்கீழ் முதன்மை அலுவலக அதிகாரியாகச் சிங்கப்பூர் வந்தார்.

அக்காலத்துப் பிரித்தானிய நம்பிக்கை இதுவாகும்: பகைவன் கடல் வழியாகவே சிங்கப்பூரைத் தாக்குவான், கடலை நோக்கிய பெரும் பீரங்கிகள் அவனைத் தடுக்கும், அதற்குள் இங்கிலாந்திலிருந்து போர்க்கப்பற் படை வந்து சேரும். வடக்கே நீண்டு கிடக்கும் மலாயத் தீபகற்பம் காடடர்ந்தது. அதன் வழியே ஒரு படை வருதல் இயலாது. இந்நம்பிக்கையின்மீது ஏறத்தாழ ஆறு கோடி பவுண் செலவிற் கடற்படைத் தளம் எழுந்தது. 1938இல் அது திறந்துவைக்கப்பட்டது.

டொபியும் பேர்சிவலும் இந்நம்பிக்கையை ஐயுற்றனர். யப்பானியர் வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களிலும் கரையிறங்க வல்லவர். சயாம் நாட்டுச் சொங்க்லா, பட்டானி ஆகிய துறைகளிலும் மலாயாவின் கோத்தா பாருவிலும் இறங்கித் தெற்கு நோக்கி வருவர். ஆகவே சிங்கப்பூரைக் காப்பதெனின் மலாயா முழுவதையுங் காத்தல் வேண்டும் என்று பேர்சிவல் 1937இல் ஆராய்ந்து எழுதினார். இலண்டன் அதனைப் பெற்றுக்கொண்டது, செயற்படுத்தவில்லை. பேர்சிவலும் தாய்நாடு திரும்பினார்.

1941ஆம் ஆண்டு மே மாதம், மலாயாப் படைகளின் தலைவராக அவரே மீண்டும் அனுப்பப்பட்டார். மலாயாவின் காவலுக்கு 336 விமானங்கள் வேண்டுமென இலண்டன் தலைமைப் பீடமே ஒப்புக்கொண்டிருந்தது. போர் மூண்டபோது அங்கிருந்தவை ஏறத்தாழ 158. அவற்றுட் பல பழையன. தாங்கிகளோ ஒன்றுமில்லை. அவையெல்லாம் வட ஆபிரிக்காவுக்கும் இரசியாவுக்கும் சென்றுகொண்டிருந்தன. இந்தியப் படைப்பிரிவுகளிற் பல, அனுபவமிக்க அதிகாரிகளைப் புதிய அணிகளுக்குக் கொடுத்துவிட்டு, பயிற்சி நிரம்பாத இளைஞர்களோடு வந்திருந்தன.

எழுபது நாட்கள்

1941 டிசம்பர் 8ஆந் தேதி யப்பானியர் கரையிறங்கினர். இறங்கிய இடங்கள் சொங்க்லா, பட்டானி, கோத்தா பாரு என்பன. நான்கு ஆண்டுகளுக்கு முன் பேர்சிவல் தாளில் எழுதிய பெயர்கள் அவையே. பகைவருக்கு முந்திச் சயாமுக்குட் புகுந்து சொங்க்லாவைக் கைப்பற்றும் திட்டமொன்று இருந்தது. முந்தி நுழைவதா, காத்திருப்பதா என மேலிடம் தயங்கிய நேரத்தில் அதற்குரிய பொழுது கழிந்தது. டிசம்பர் 10ஆந் தேதி "பிறின்ஸ் ஒவ் வேல்ஸ்", "றிப்பல்ஸ்" என்னும் இரு பெரும் போர்க்கப்பல்களும், காக்கும் விமானமின்றிச் சென்று, யப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டன. கடலும் வானும் பகைவர் வசமாயின. எஞ்சியது தரை ஒன்றே.

ஜெனரல் யாமஷிட்டாவின் படைகள் தாங்கிகளுடனும் ஆயிரக்கணக்கான துவிச்சக்கர வண்டிகளுடனும் நெடுஞ்சாலை வழியே தெற்கு நோக்கி விரைந்தன. பிரித்தானியர் அமைத்த நல்ல தார்வீதிகளே பகைவருக்குப் பயன்பட்டன. எதிர்ப்பு வலுத்த இடங்களில் அவர்கள் காட்டின் வழியாகவும் சிறு படகுகளிற் கடலோரமாகவும் சுற்றிவந்து பின்புறத்தைத் தாக்கினர். ஜித்ரா இரு நாட்களில் வீழ்ந்தது. பினாங்கு கைவிடப்பட்டபோது ஐரோப்பியர் இரகசியமாக அப்புறப்படுத்தப்பட்டனர். ஏனையோர் விட்டுச் செல்லப்பட்டனர். அச்செய்தி பரவியபோது ஆட்சியின்மீதிருந்த நம்பிக்கையும் பினாங்கோடு போயிற்று. ஈப்போவுக்குத் தெற்கே கம்பார் என்னுமிடத்தில் இந்திய வீரரும் பிரித்தானிய வீரரும் சில நாள் உறுதியாக நின்று போரிட்டனர். ஆயின் ஜனவரி 7ஆந் தேதி சிலிம் ஆற்றங்கரையில் யப்பானியத் தாங்கிகள் விடியற்காலையில் அணிவகுப்பை ஊடறுத்துச் சென்றன. ஜனவரி 11இற் கோலாலம்பூர் வீழ்ந்தது.

யாழ்ப்பாணத்து வீடுகளில் அக்காலத்துப் பத்திரிகை படிக்கப்பட்ட முறையை ஆச்சி கூறக் கேட்டிருக்கின்றேன். ஒவ்வொரு நாளும் ஓர் ஊர்ப்பெயர் வரும்; ஒவ்வோர் ஊரிலும் ஒருவருடைய மகனோ மருமகனோ கந்தோரில் இருந்தான். படைகள் பின்வாங்கிய புகையிரதப் பாதையும் நம்மவர் நிலைய அதிபராயிருந்த பாதையும் ஒன்றே. போர்க்களத்தின் படம் நமக்கு உறவினர் விலாசமாகவே இருந்தது.

ஜனவரி 31ஆந் தேதி எஞ்சிய படைகள் சிங்கப்பூர்த் தீவுக்குட் புகுந்தன; தீவையும் ஜொகூரையும் இணைத்த கல்லணைப் பாலம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. கரையிறங்கிய நாள் தொட்டு அன்றுவரை கழிந்தவை 55 நாட்கள்.

அவருடைய பிழை

இங்கே பேர்சிவலின் பொறுப்பை மறைக்காது கூறல் வேண்டும். தலைமைப் பொறியியலாளரான பிரிகேடியர் சிம்சன், தீவின் வடகரையிற் காப்பரண்கள் அமைக்க வேண்டுமென டிசம்பர் மாத இறுதியிலேயே மன்றாடினார். ஆட்களும் பொருள்களும் ஆயத்தமாயிருந்தன. அத்தகைய அரண்கள் படைகளின் மனவுறுதியையும் மக்களின் மனவுறுதியையும் குலைக்கும் என்று கூறிப் பேர்சிவல் மறுத்தார் எனச் சிம்சன் பின்னர் எழுதினார். பகைவன் வடக்கிலிருந்தே வருவான் என 1937இற் கண்டறிந்த மனிதர், 1941இல் அவன் வந்துகொண்டிருந்தபோது வடகரையை வெறுமையாக விட்டார். இதற்கு எந்த நியாயமும் போதாது. தரைப்புறத்தில் அரண் இல்லை என்பதை ஜனவரி நடுப்பகுதியில் அறிந்தபோது தாம் திடுக்கிட்டதாகச் சேர்ச்சில் பின்னர் எழுதினார். இலண்டனில் இருந்தவர் கேளாமலும், சிங்கப்பூரில் இருந்தவர் சொல்லாமலும் கழிந்த நாட்கள் அவை.

இரண்டாவது பிழையும் உண்டு. பகைவன் வடகிழக்கிலேயே இறங்குவான் எனக் கருதிப் புதிதாக வந்த படைகளை அப்பக்கத்தே நிறுத்தினார். யப்பானியர் பெப்ரவரி 8ஆந் தேதி இரவு வடமேற்கில் இறங்கினர். அங்கே நீண்ட சதுப்புக் கரையை அவுஸ்திரேலியப் படைப்பிரிவொன்று அடர்த்தியின்றிப் பரந்து நின்று காத்தது. விடியுமுன் அந்த வரிசை உடைந்தது.

சிங்கப்பூரின் பெரும் பீரங்கிகள் கடலை நோக்கியவாறே நின்றமையால் பயனற்றுப் போயின என்று கூறும் வழக்கொன்று உண்டு. அது முழு உண்மையன்று. அவற்றுட் பல தரைப்பக்கம் திருப்பப்பட்டுச் சுடவுஞ் செய்தன. ஆயின் அவற்றுக்கு வழங்கப்பட்ட குண்டுகளிற் பெரும்பாலன கப்பலின் இரும்புத் தகட்டைத் துளைப்பதற்கென ஆக்கப்பட்டவை. அவை சேற்றிற் புதைந்தனவேயன்றிப் படைகளைச் சிதறடிக்கவில்லை. பீரங்கியின் வாய் திரும்பிற்று. அதனை அமைத்தோரின் கருத்தே இறுதிவரை கடலை நோக்கியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை

பெப்ரவரி 11ஆந் தேதி புக்கிட் தீமா வீழ்ந்தது. உணவு, எரிபொருட் களஞ்சியங்கள் அதனோடு போயின. அதற்கு முதல்நாள் சேர்ச்சிலின் கட்டளை வந்திருந்தது: படையைக் காக்கவோ மக்களைக் காக்கவோ எண்ணாது இறுதிவரை போரிடுக, தளபதிகளும் தம் படையோடு மடிக என்பது அதன் பொருள். கட்டளை இட்டவர் ஏழாயிரம் மைல்களுக்கு அப்பால் இருந்தார். கட்டளை பெற்றவரைச் சூழ்ந்து, அகதிகளால் நிரம்பி ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்களைக் கொண்ட நகரம் எரிந்துகொண்டிருந்தது. நீர்த்தேக்கங்கள் பகைவர் கையிலாயின. நகரத்துக் குழாய்கள் குண்டுகளால் உடைந்து, கிடைத்த நீரிலும் பெரும்பங்கு தெருவில் ஓடிற்று. 14ஆந் தேதி அலெக்சாந்திரா இராணுவ வைத்தியசாலையுள் யப்பானியர் புகுந்து நோயாளரையும் வைத்தியரையும் தாதியரையும் கொன்றனர். நகரத்தினுள் தெருத்தெருவாகப் போர் நடப்பின் யாது நிகழும் என்பதற்கு அதுவே சான்றாயிற்று.

பெப்ரவரி 15ஆந் தேதி ஞாயிற்றுக்கிழமை. சீனருக்குப் புத்தாண்டு நாள். காலையிற் போட் கனிங் என்னும் குன்றின் நிலவறையிற் பேர்சிவல் தம் தளபதிகளைக் கூட்டினார். வழிகள் இரண்டு: உடனே எதிர்த்தாக்கி நீர்த்தேக்கங்களையும் களஞ்சியங்களையும் மீட்டல், அன்றேற் சரணடைதல். எதிர்த்தாக்குதற்கு ஆற்றலில்லை என அனைவரும் கூறினர். அவருடைய மேலதிகாரியான ஜெனரல் வேவலும் இனி இயலாதெனக் காணின் போரை நிறுத்தலாம் என இசைவளித்திருந்தார்.

மாலை ஐந்து மணியளவில் பேர்சிவலும் மூன்று அதிகாரிகளும் புக்கிட் தீமா வீதியிலிருந்த போர்ட் மோட்டார்த் தொழிற்சாலைக்கு நடந்தனர். ஒருவர் வெள்ளைக் கொடியையும் மற்றொருவர் பிரித்தானியக் கொடியையும் ஏந்தினர். யாமஷிட்டா நீண்ட பேச்சை விரும்பவில்லை; ஆம் அல்லது இல்லை என்னும் விடையொன்றையே வேண்டினார். அவருக்கும் அதற்குக் காரணம் இருந்தது. அவருடைய பீரங்கிகளுக்குக் குண்டு குறைந்துவிட்டது. படையும் எண்ணிக்கையிற் சிறியது. போர் நீடிப்பின் தாமே தோற்கக்கூடும் என அஞ்சியதை அவர் பின்னர் வெளியிட்டார். பேர்சிவல் அதனை அறியார். அவர் நகரத்து ஒழுங்கைக் காக்க ஆயுதந்தாங்கிய சிலரை விட்டுவைக்கவும் பொதுமக்களுக்குப் பாதுகாப்பளிக்கவும் கேட்டார். மாலை 6 மணி 10 நிமிடத்திற் கையொப்பமிட்டார். இரவு 8.30க்குத் துப்பாக்கிகள் ஓய்ந்தன.

மாணவன் கூறிய எண்பத்தையாயிரத்தை இப்பொழுது ஆராயலாம். அத்தொகையுள் கந்தோர்ப் பணியாளரும் களஞ்சியப் பணியாளரும் காயமுற்றோரும் அணி சிதறியோரும் பெருந்தொகையினர். சில வாரங்களுக்கு முன்னரே கப்பலில் வந்திறங்கிப் போர்க்களத்தை முதன்முதற் கண்டோரும் அதனுள் அடங்குவர். எண்ணிக்கை ஏட்டில் ஒன்றாகவும் களத்தில் வேறாகவும் இருந்தது. எனினும் யாமஷிட்டாவின் தளர்ச்சியை அறிந்திருப்பின் முடிவு வேறாயிருந்திருக்கலாம் என்பதும் மறுக்கவியலாதது.

விலை கொடுத்தோர்

பொதுமக்களுக்கு அளிக்கப்பட்ட உறுதிமொழி மூன்று நாட்கூட நிலைக்கவில்லை. பெப்ரவரி 18ஆந் தேதி தொடங்கிச் சீன ஆடவர் வடிகட்டப்பட்டு ஆயிரக்கணக்கிற் கடற்கரைகளிற் கொல்லப்பட்டனர். இந்தியப் போர்க்கைதிகள் நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் பெப்ரவரி 17ஆந் தேதி பெரர் பார்க் திடலில் யப்பானியரிடம் கையளிக்கப்பட்டனர். அவருட் பலர் பின்னர் இந்திய தேசிய இராணுவத்திற் சேர்ந்தனர். சயாம் - பர்மா மரண இரயில்பாதை 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 415 கிலோமீற்றர் தூரம் அமைக்கப்பட்டபோது, பன்னீராயிரத்துக்கு மேற்பட்ட நேசநாட்டுக் கைதிகள் மாண்டனர். ஆசியத் தொழிலாளருள் மாண்டோர் அதனினும் பன்மடங்கினர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் அவருட் பெருந்தொகையினர். வெள்ளைக் கைதிகளுக்குக் கல்லறைகள் வரிசையாக உள. இத்தமிழரிற் பெரும்பாலோருக்குப் பெயர்ப்பட்டியல் தானும் இல்லை. சரணாகதிப் பேச்சு நடந்த மேசையில் அவர்களுடைய பேச்சே எழவில்லை.

இலங்கையும் முன்னரங்காயிற்று. சிங்கப்பூரிற் கடற்படைத் தலைவராயிருந்த அட்மிரல் லேற்றன் 1942 மார்ச் மாதம் இலங்கையின் பிரதம தளபதியாக அமர்ந்தார். ஏப்ரல் 5ஆந் தேதி கொழும்பிலும் 9ஆந் தேதி திருகோணமலையிலும் குண்டுகள் விழுந்தன. யாழ்ப்பாணத்திற் குண்டு விழவில்லை, தபால் நின்றது. மூன்றரை ஆண்டுகள் காசுக்கட்டளையும் இல்லை, கடிதமும் இல்லை. ஆச்சி காதிற் கிடந்ததை விற்றுப் பிள்ளைகளைப் படிப்பித்தார். தபாற்காரன் வரும் நேரத்திற் படலையடியில் நிற்கும் வழக்கத்தை மட்டும் அவர் விடவில்லை. பாட்டனார் 1946இல் உயிரோடு திரும்பினார். கொணர்ந்த றங்குப்பெட்டியில் வாழைமரப் படம் அச்சிட்ட யப்பானியத் தாள் நாணயம் ஒரு கட்டு இருந்தது. மூன்று ஆண்டுச் சம்பளமாகிய அது ஒரு கொத்து அரிசியும் பெறாது. சிறுவராகிய நாங்கள் அதனைக் கொண்டு கடை வைத்து விளையாடினோம்.

சிறையும் மீட்சியும்

பேர்சிவல் முதலிற் சாங்கியிலும், 1942 ஓகத்து மாதத்தின் பின் போமோசாத் தீவிலும், ஈற்றில் மஞ்சூரியாவிலும் சிறையிருந்தார். விடுதலையடைந்தபோது எலும்புந் தோலுமாயிருந்தார். 1945 செப்டெம்பர் 2ஆந் தேதி யப்பான் சரணடைந்தபோது, "மிசூரி" என்னும் போர்க்கப்பலின் தளத்தில் ஜெனரல் மக்ஆதர் கையொப்பமிடுகையில் அவருக்குப் பின்னே இருவர் நின்றனர். ஒருவர் பிலிப்பைன் தீவுகளைச் சரணளித்த அமெரிக்க ஜெனரல் வெயின்றைற், மற்றவர் பேர்சிவல். மறுநாள் பிலிப்பைனிற் பாகியோ நகரில் யாமஷிட்டா சரணடைந்தார். அவ்வறையுட் புகுந்த யாமஷிட்டா பேர்சிவலைக் கண்டு ஒரு கணம் வியப்புற்றார் என்பர். 1946 பெப்ரவரி 23ஆந் தேதி, தம் படையினர் செய்த கொடுமைகளுக்குப் பொறுப்பாளியாக்கப்பட்டு, யாமஷிட்டா தூக்கிலிடப்பட்டார்.

சரணடைந்த இருவரையும் அவரவர் நாடுகள் ஏற்ற முறை வேறுபட்டது. வெயின்றைற் தமக்கு இராணுவ விசாரணை காத்திருக்கும் என அஞ்சினார். அமெரிக்காவோ அவருக்கு அதியுயர் வீரப்பதக்கத்தைச் சூட்டிப் பதவியையும் உயர்த்திற்று. பேர்சிவலின் நிலையிலிருந்த தளபதிகளுக்கு வழமையாகக் கிடைக்கும் "சேர்" பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. லெப்டினன்ட் ஜெனரல் என்னும் பெயர் கௌரவமாக விடப்பட்டது. ஓய்வூதியம் மேஜர் ஜெனரலுக்குரியதே. சிங்கப்பூர் வீழ்ச்சி பற்றி விசாரணைக் குழு எதுவும் நியமிக்கப்படவுமில்லை. விசாரித்திருப்பின் வேறு பல பெயர்களும் வெளிவந்திருக்கும்.

அவர் 1949இல் மலாயாப் போரைப் பற்றி நூலொன்று எழுதினார். அது தற்புகழ்ச்சியுமன்று, பிறர்மீது பழிதூற்றுவதுமன்று. ஆதலினாலேயே விறுவிறுப்பற்றது எனப் புறக்கணிக்கப்பட்டது. தம் பிற்காலத்தைத் தம்மோடு சிறைப்பட்ட வீரருக்கு அவர் செலவிட்டார். தூரகிழக்குப் போர்க்கைதிகள் சங்கத்தின் தலைவராயிருந்து, உடல்நலங் குன்றித் திரும்பியோருக்கு இழப்பீடு கோரி உழைத்தார். முடக்கப்பட்டிருந்த யப்பானியச் சொத்துகளிலிருந்து ஏறத்தாழ 50 இலட்சம் பவுண் கிடைக்கவும் துணைநின்றார். 1957இல் வெளிவந்த "குவாய் நதிப் பாலம்" என்னும் திரைப்படம் கைதிகளைப் பிழையாகச் சித்திரித்ததென எதிர்த்து, அது கற்பனைக் கதை எனத் திரையில் அறிவிக்கச் செய்தார். அப்படம் பிடிக்கப்பட்டது நம் நாட்டுக் கித்துல்கலையிலேயே. யாருடைய பிள்ளைகளைச் சரணளித்தாரோ, அவர்களே அவரைத் தம் தலைவராக ஏற்று மதித்தனர் என்பது கவனிக்கத்தக்கது. 1966ஆம் ஆண்டு ஜனவரி 31ஆந் தேதி, ஜொகூர்ப் பாலம் தகர்க்கப்பட்டு 24 ஆண்டுகள் நிறைந்த அதே நாளில், தம் 78ஆம் வயதில் இலண்டனில் அவர் காலமானார்.

விடை

இனி மாணவனுக்கு விடை கூறலாம். அவர் கோழையல்லர், மூடரும் அல்லர். தாம் முன்னறிந்ததைத் தம் மேலோருக்கு உறைக்கச் சொல்லும் வன்மையும், தம் அதிகாரத்துக்குட்பட்டதை உரிய காலத்திற் செய்து முடிக்கும் துணிவும் அவரிடத்துக் குறைந்திருந்தன. அறிவு இருந்தது, அதனைக் காரியமாக்கும் உறுதி போதவில்லை. அது பெருங் குறையே. ஆயின் இருபது ஆண்டுகளாகப் பலர் பல மேசைகளில் எடுத்த முடிவுகளும் எடுக்காது விட்ட முடிவுகளும் சேர்ந்தே சிங்கப்பூரை வீழ்த்தின. அவை அனைத்துக்கும் இறுதியிற் கையொப்பமிட ஒருவர் வேண்டியிருந்தது. அந்நாளில் மடிந்து புகழ்பெறுமாறு வந்த கட்டளையை விடுத்து, பத்து இலட்சம் மக்களிருந்த நகரத்தில் துப்பாக்கியை ஓயச்செய்து, பழியைத் தாமே ஏற்று இருபத்து நான்கு ஆண்டுகள் அவர் வாழ்ந்தார். பகைவர் வாக்குத் தவறியது அவர் கையில் இருந்ததன்று.

அந்தத் தொழிற்சாலை இன்று நூதனசாலையாக விளங்குகின்றது. சிங்கப்பூர் செல்லும் நம் பழைய மாணவர் அதனைக் காண்பார்களாக. அங்கே தொங்கும் படத்தில் மெலிந்த மனிதரொருவர் அரைக்காற்சட்டையுடன் வெள்ளைக் கொடியின் பக்கத்தே நடந்துபோகின்றார். அப்படத்தைக் கண்டு நகைக்குமுன், அக்கொடி உயர்ந்திராவிடின் நகரத்தினுள் இருந்த எத்தனை பேர் மறுநாட் காலையைக் கண்டிருப்பர் என ஒருகணம் எண்ணுதல் வேண்டும். அவருள் என் பாட்டனாரும் ஒருவர். கோலாலம்பூரிலிருந்து அலுவலகத்தோடு பின்வாங்கிய அவர், அந்த ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரிலேயே இருந்தார்.